கதவு ஒட்டாத பிரிட்ஜ்

இசக்கிசெல்விக்கு அந்த வீட்டில் முதன்முதலாகப் பயம் வந்தது பிரிட்ஜைப் பார்த்துத்தான்.

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் அவள் கணவன் சிவப்பிரகாஷின் வீடு சின்னது. சமையலறையில் இடமில்லாததால் பிரிட்ஜை முன்னறைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அரக்கு நிறம், ஒற்றைக் கதவு, கதவில் வெள்ளைப் பூ. அதற்கு நேர் மேலே சுவரில் இந்துமதியின் படம் தொங்கியது. படத்துக்கு முன்னால் ஒரு சிவப்புப் பல்பு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். இந்துமதி சிவப்பிரகாஷின் முதல் மனைவி. கேன்சரில் போய்விட்டாள். பிரிட்ஜ் அவளுடைய சீர்வரிசையில் வந்தது. அதைத் திறக்கப் போகிற யாரும் அவள் கண்ணுக்கு நேராகப் போய்த்தான் நிற்கவேண்டும். இசக்கிசெல்வி ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்கும்போது, அடுத்தவர் அலமாரியில் கை விடுகிற மாதிரி உள்ளுக்குள் கூசினாள்.

அவள் சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். அக்காமார்களைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் இவளுக்கு வயசு ஏறிவிட்டது. ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். முப்பத்து நாலு வயதில் இந்த வரன் வந்தது. மாப்பிள்ளை தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்கள். சரி என்றாள். மூத்தவள் பொன்ரூபா ஆறாம் வகுப்பு. இளையவன் செந்தூர்வேல் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். இரண்டு பேரும் அவளைச் சித்தி என்று கூப்பிட்டார்கள். வேலு பழகிவிட்டான். ரூபா பழகவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

இசக்கிசெல்வி பிறந்த வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. மீன்காரர் சைக்கிளில் வந்தால் வாங்குவார்கள், மதியத்துக்குள் குழம்பு கொதித்துவிடும், அன்றைக்கே சட்டி காலியாகிவிடும். அதனால் பிரிட்ஜ் என்றால் எப்படி இருக்கும் என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியாது. கதவின் கீழ்மூலையில் ரப்பர் விறைத்துப்போய் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எவ்வளவு தள்ளினாலும் கதவு ஒட்டவில்லை. இடுக்கு வழியாக உள்ளே எரியும் விளக்கின் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரியும். கதவுக்கு வெளியே வியர்த்துக் கொட்டும். மேலே ப்ரீசரில் ஐஸ் பாறையாக வளர்ந்து, ஒரு கிண்ணம் வைக்கக்கூட இடமில்லாமல் அடைத்துக் கிடந்தது. வேலு அதைக் கரண்டியால் சுரண்டித் தின்பான். கீழே வைத்த பால் மறுநாள் திரிந்தது. மாவு புளித்துப் பொங்கியது. பிரிட்ஜ் என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருதடவை மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

"இந்தக் கதவு சரியா அடைய மாட்டேங்கு."

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ரூபா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அம்மா இருக்கும்போது நல்லாத்தான் அடைஞ்சிச்சு."

அதற்குப் பிறகு இசக்கிசெல்வி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தாள். திறக்கும்போது குடத்தை நகர்த்துவாள், மூடியதும் திரும்பத் தள்ளி வைப்பாள். வீட்டில் எல்லோரும் அந்தக் குடத்தைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

இந்துமதியின் அண்ணன் வீரபாகு சாத்தான்குளம் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு மருமக்களைப் பார்க்க வருவார். சிவப்பிரகாஷின் இரண்டாவது கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. வீட்டுக்கு வந்தாலும் இசக்கிசெல்வியிடம் நேராகப் பேசமாட்டார். "தண்ணி கொண்டாரச் சொல்லு ரூபா" என்பார். பிள்ளைகளின் கை, கால், கழுத்து என்று தடவிப் பார்ப்பார். இளைத்திருக்கிறார்களா, அடிபட்ட தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரியும். அவர் வருகிற ஞாயிறு நெருங்கினாலே அவளும் பிள்ளைகளின் கை கால்களை முன்கூட்டியே ஒருதடவை பார்த்துவைப்பாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெனிஸ்டன் வந்தான். யார்டில் சிவப்பிரகாஷோடு வேலை பார்க்கிறவன், பெரியதாழைக்காரன். ஊருக்குப் போய்விட்டு பைக்கில் நேராக வந்திருந்தான். கையில் ஒரு பை.

"தங்கச்சி, எங்க ஊருல இன்னைக்கு நல்ல சூரை. காலைல கரைக்கு வந்த மீனு. ஒங்க வீட்டுக்குன்னு ஒண்ணு எடுத்தாந்தேன்."

பையின் அடியில் ஐஸ் கரைந்து தண்ணீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. மீன் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீரபாகு வருகிறார், அவருக்குச் சூரை பிடிக்கும் என்று சிவப்பிரகாஷ் சொன்னான். அவளுக்கும் அது நல்லதாகப் பட்டது. ஒருவேளை நல்ல குழம்பாக வைத்துக் கொடுத்தால் மனுஷன் ஒரு வார்த்தை பேசுவார். ப்ரீசரில் இடமில்லை. மீனை வெட்டாமல் அப்படியே பையோடு கீழ்த்தட்டில், மாவுப் பாத்திரத்துக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் நடுவில் திணித்தாள். மேலே தக்காளி, பக்கத்தில் மல்லி இலை, கதவுத் தட்டில் பால் கவர். கதவை அடைத்துக் குடத்தைத் தள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீனை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நாற்றம் இல்லை. கண் கொஞ்சம் மங்கியிருந்தது, சதை கெட்டியாகத்தான் இருந்தது. தேங்காய் அரைத்து, புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். நாலு துண்டு பொரித்தாள். வீரபாகு, சிவப்பிரகாஷ், பிள்ளைகள் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறினாள். வீட்டு ஆட்கள் சாப்பிட்டு முடித்தபிறகு சாப்பிடுவதுதான் அவள் பழக்கம்.

வீரபாகு இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தார். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவளைப் பார்த்துப் பேசினார்.

"கொழம்பு நல்லாருக்கு. ஆனா நாக்குல என்னமோ சுள்ளுன்னு இருக்கு. மொளகு தூக்கலா போட்டுட்டியோ?"

"மொளகே போடலியே அண்ணாச்சி" என்றாள். அவர் பேசிவிட்டார் என்ற சந்தோஷத்தில் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தபோது வேலு சேலையைப் பிடித்து இழுத்தான்.

"சித்தி, காது சுடுது."

குனிந்து பார்த்தாள். காது இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருந்தன. முகம், கழுத்து எல்லாம் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. ரூபா கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள். அவள் நெஞ்சுக்கு மேலே திட்டுத் திட்டாகத் தடித்திருந்தது. "நெஞ்சு படபடங்கு" என்று சிவப்பிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கை கழுவப் போன வீரபாகு, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். திரும்பினார். கண்கள் ரத்தமாக இருந்தன.

"ஏளா, என்னத்தப் போட்ட கொழம்புல?"

வேலு அங்கேயே வாந்தி எடுத்தான். மூச்சு விடும்போது அவன் நெஞ்சுக்குள் சீழ்க்கை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "விஜிலாக்கா! விஜிலாக்கா!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு விஜிலா வெளியே வந்து பார்த்து, "ஏசுவே" என்று நெஞ்சில் கை வைத்தாள். அவள் புருஷன் டிக்சன் ஆட்டோ ஓட்டுகிறவன், வீட்டில்தான் இருந்தான். எல்லோரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

வேலுவை உடனே உள்ளே கொண்டுபோய் மூக்கில் மருந்துப் புகை வைத்தார்கள். மற்ற மூன்று பேரையும் வரிசையாகக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். டாக்டர் வயசு குறைந்த பெண். ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு இசக்கிசெல்வியிடம் வந்தார்.

"எல்லாரும் ஒரே சாப்பாடா?"

"ஆமா டாக்டர்."

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"நான் இன்னும் சாப்பிடல."

கட்டிலில் இருந்து வீரபாகு எழுந்து உட்கார்ந்தார். "அவ திங்கலல்லா! அதக் கேட்டுக்கிடுங்க டாக்டர். ஆக்குனவ அவ. எல்லாருக்கும் போட்டா. அவ மட்டும் திங்கல. என் தங்கச்சி பிள்ளைய ரெண்டையும் முடிச்சிரலாம்னு பாத்திருக்கா. போலீஸ கூப்பிடுங்க."

வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். இசக்கிசெல்வி சிவப்பிரகாஷைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். மயக்கமா, பார்க்கக்கூடாது என்று மூடியிருக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை அதிகம் நடுக்கியது. ரூபா மட்டும் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் போலீஸ்காரர் வந்தார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பயப்படாம சொல்லும்மா. வீட்டுல எலி மருந்து, பூச்சி மருந்து எதுவும் உண்டா?"

"எலி மருந்து உண்டு சார். பரண்ல கெடக்கு. அவுகதான் வாங்கிட்டு வந்தாக."

"சமையக்கட்டுல உன்னத் தவிர யாரும் போனாங்களா?"

"இல்ல சார்."

சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பதிலும் தன்னைத்தான் கட்டிப்போடுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் எல்லாமே உண்மை.

டாக்டர் குறுக்கே வந்தார். "என்ன மீன் சமைச்சீங்க?"

"சூரை டாக்டர்."

"எப்ப வாங்கினது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்திச்சு. பிரிட்ஜுலதான் வச்சிருந்தேன்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "சூரை, அயலை மாதிரி மீன் சரியான குளிர்ச்சியில இல்லாம கிடந்தா அதுல ஹிஸ்டமின்னு ஒண்ணு உண்டாயிடும். முகம் சிவக்கும், தடிக்கும், படபடப்பு வரும். நாத்தம் அடிக்காமலே இருக்கலாம். எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது போகாது. எனக்கு அதுதான்னு தோணுது. ஆனா உறுதியா சொல்லணும்னா மிச்சம் இருக்கிற குழம்பைக் கொண்டுவாங்க. கொட்டிடாதீங்க."

"நாங்க எத்தன காலமா சூரை திங்கோம்!" என்றார் வீரபாகு. "ஒரு நாளும் இப்பிடி ஆனதில்ல."

டிக்சன் ஆட்டோவில் விஜிலாவும் அவளும் வீட்டுக்குத் திரும்பினார்கள். வீடு திறந்தபடியே கிடந்தது. வேலு எடுத்த வாந்தி காய்ந்துபோயிருந்தது. இசக்கிசெல்வி முதலில் பரணில் ஏறினாள். எலி மருந்துப் பொட்டலம் பின் அடித்தபடி அப்படியே இருந்தது. இருந்தும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கை தவறி வேறு எதையாவது போட்டிருப்பேனோ? மஞ்சள்பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். மிளகாய்ப்பொடியை, மல்லிப்பொடியை, உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தாள். தரை துடைக்கிற மருந்து எங்கே இருக்கிறது என்று தேடினாள். அது குளியலறையில்தான் இருந்தது. தன் கையையே அவளால் நம்ப முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எப்போதாவது, ஒரு நொடியாவது நினைத்திருக்கிறேனா என்றுகூடத் தேடிப் பார்த்தாள். அந்த நினைப்பே அவளைக் குலைத்துப் போட்டது.

குழம்புச் சட்டியைத் திறந்தாள். நல்ல வாசனை. விஜிலா டப்பா எடுக்கத் திரும்பிய நேரத்தில், இசக்கிசெல்வி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். நாக்கு நுனியில் சுள்ளென்று குத்தியது. விழுங்கினாள். இன்னொரு துண்டு எடுத்தாள்.

விஜிலா பார்த்துவிட்டாள். "ஏ கிறுக்கச்சி! துப்புளா! துப்பித் தொலையேன்!"

"எனக்கும் அப்பிடியே வருதான்னு பாக்கணும்க்கா."

"வந்து செத்துப்போனா?"

அவள் மிச்சக் குழம்பை டப்பாவில் ஊற்றி மூடினாள்.

ஆட்டோ பாதி வழி போவதற்குள் கன்னம் சுட்டது. காது சுட்டது. வேலு சொன்னது இதைத்தான் என்று நினைத்தாள். நெஞ்சு தறிகெட்டு அடித்தது, தலை வெடித்துவிடும் போல வலித்தது. செத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு ஆறுதலும் இருந்தது. நான் எதையும் போடவில்லை, மீன்தான்.

டாக்டர் அவளைப் பார்த்ததும் கோபப்பட்டார். "காரணம் அதுதான்னு சொல்லியும் அதைச் சாப்பிட்டீங்களா? உங்க பிரஷர் எவ்வளவு இறங்கியிருக்கு தெரியுமா?" ஊசி போட்டு, வீரபாகுவுக்கு அடுத்த கட்டிலில் படுக்கவைத்தார். வீரபாகு அவள் முகத்தைப் பார்த்தார். சிவந்து வீங்கிக் கிடந்த முகத்தை யாராலும் நடிக்க முடியாது. அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். போலீஸ்காரர் டாக்டரிடம் பேசிவிட்டு, குழம்பு டப்பாவைச் சோதனைக்கு வாங்கிக்கொண்டு, கெட்டுப்போன மீன் என்று எழுதிக்கொண்டு போனார்.

மற்றவர்களுக்குச் சீக்கிரம் தணிந்துவிட்டது. வேலுவை மட்டும் அன்றைக்கு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நடக்க முடிந்ததும் இசக்கிசெல்வி அவன் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானாலும் அவள் எழுந்து நின்றுவிடுவாள்.

மறுநாள் அவனுக்கு மூச்சு சீரானது. சிவப்பிரகாஷ் காபி வாங்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பிரிட்ஜுல வச்ச மீனு எப்பிடிக் கெட்டுச்சு?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"கதவு அடையல. ரொம்ப நாளாவே அடையல. அதுக்குத்தான் குடத்த முட்டுக்கொடுத்து வச்சிருக்கேன். பாலு தங்காது, தண்ணி குளிராது."

"பெறவு ஏன் சொல்லல?"

"அக்கா பிரிட்ஜுல்லா. வந்த ஒடனே அவ சாமான மாத்தப் பாக்கான்னு நீங்க நெனச்சிருவியளோன்னு. ரூபா நெனச்சிருவாளோன்னு."

சிவப்பிரகாஷுக்கு யார்டு ஞாபகம் வந்தது. யார்டில் ஏற்றுமதிக்குப் போகிற மீன் பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கன்டெய்னரிலும் உள்ளே எத்தனை குளிர் என்று எண் எரிந்துகொண்டிருக்கும். ஒரு பெட்டியில் எண் கொஞ்சம் ஏறினாலும் எல்லோரும் ஓடுவார்கள். அவனும் ஓடியிருக்கிறான்.

"நானுந்தான் தெனமும் அந்தக் குடத்தத் தாண்டிப் போனேன்" என்றான் கடைசியில். "எதுக்கு இருக்குன்னு ஒரு நாளு கேக்கல."

வீரபாகு ஊருக்குக் கிளம்பும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டார். காலாண்டு லீவு தொடங்கியிருந்தது. "கொஞ்ச நாளைக்கு அங்கன இருக்கட்டும் மாப்ள" என்றார். கேட்கிற தொனியில்லை. வேலு வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். ரூபா பார்க்கவில்லை. இனி அவர்களைத் திருப்பி அனுப்பமாட்டார் என்று இசக்கிசெல்வி நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, அழுதுகொண்டே முன்னறையைத் துடைத்தாள்.

பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற பெவின் அடுத்த நாள் வந்தான். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்தது.

"ரப்பர் செத்துப் போச்சுக்கா. வெளிக் காத்து பூரா உள்ள போவுது. அந்த ஈரந்தான் மேல ஐஸா கட்டியிருக்கு. ஐஸ் இப்பிடி அடச்சிக்கிட்டா கீழ குளிரு எறங்காது. இதுல நீங்க வேற சந்து இல்லாம சாமானத் திணிச்சி வச்சிருக்கிய."

"புதுசு வாங்கணுமா?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"எதுக்கு? மிஷின் நல்லாத்தான் ஓடுது. ரப்பர மாத்துனா போதும்."

அவன் சொன்னபடி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் உருகுவதற்காகக் கதவைத் திறந்து போட்டார்கள். அந்த வீட்டுக்கு வந்த இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் பிரிட்ஜின் உட்புறம் முழுவதையும் பார்த்தாள். கதவுத் தட்டில் இந்துமதிக்கு வாங்கிய ஊசி மருந்து ஒன்று அட்டையோடு கிடந்தது. அதைத் தொடாமல் சிவப்பிரகாஷ் வரும்வரை காத்திருந்தாள். அவன் வந்து, கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, தானே கொண்டுபோய்ப் போட்டான்.

புது ரப்பர் வந்தது. இடுக்கில் காகிதத்தை வைத்து மூடினால் கிழிந்தாலும் கிழியும், வெளியே வராது. ஆனால் அவள் பயம் போகவில்லை. பெவினிடமும் டாக்டரிடமும் விஜிலாவிடமும் கேட்டுக் கேட்டு, பிரிட்ஜில் வைக்கிற ஒவ்வொன்றையும் பிள்ளையைத் தூங்கவைக்கிற கவனத்தோடு வைக்க ஆரம்பித்தாள். மீன் வந்தால் அந்த நிமிடமே வெட்டிக் கழுவி, ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, மூடி போட்ட டப்பாக்களில் ப்ரீசருக்குள் வைத்தாள். சமைப்பதற்கு முந்தின நாள் ஒரு டப்பாவை எடுத்துக் கீழ்த்தட்டில் வைப்பாள். ஒருதடவை இளகியதைத் திரும்ப உறைய வைக்கமாட்டாள். பச்சைக் கறியும் மீனும் சொட்டினாலும் வேறு எதிலும் படாதபடி எப்போதும் கீழே, சமைத்ததும் பாலும் மேலே. பால் கவர் கதவை விட்டு உள்ளே போனது. திறந்து மூடும்போதெல்லாம் கதவுப் பக்கம்தான் முதலில் சூடாகிறது என்று விஜிலா சொல்லியிருந்தாள். மிஞ்சிய குழம்பைச் சட்டியிலேயே சாயங்காலம் வரை விட்டுவைக்காமல், அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஃபேனுக்கு அடியில் ஆறவைத்து, சூடு போன கையோடு உள்ளே வைத்தாள். சிவப்பிரகாஷ் யார்டில் சொல்லிக் குளிரை அளந்து காட்டும் சின்னக் குளிர்மானி ஒன்று வாங்கிவந்து நடுத்தட்டில் மாட்டினான். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல அவள் அதை அடிக்கடி பார்த்தாள். அடிக்கடி திறந்தால் அதனாலேயே சூடாகும் என்று அவன் சொன்னபிறகு அதற்கும் பயந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் வீரபாகு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார். வாசலோடு திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உண்மையான சோதனை. ரூபா கடையில் வாங்கின பிரெட்டையும் பிஸ்கட்டையும்தான் முதலில் தேடினாள். சோறு போட்டால் முகர்ந்து பார்த்தாள். ஒருநாள் இசக்கிசெல்வி சமையலறைக் கதவோரம் நின்று ஒன்றைக் கவனித்தாள். வேலு தட்டில் கை வைக்கப் போனான். ரூபா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். தான் இரண்டு வாய் தின்றாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரம் போனதும் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பம் தின்னு" என்றாள். பதினோரு வயசுப் பிள்ளை தம்பிக்காக விஷம் சோதிக்கிறது.

இசக்கிசெல்வி அடுப்படிக்குள் போய் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றாள். கோபம் வரவில்லை. அந்தப் பிள்ளை எவ்வளவு பயந்திருந்தால் இப்படிச் செய்யும் என்றுதான் தோன்றியது. தானும் அதே பயத்தில்தானே கிடக்கிறேன் என்றும் தோன்றியது.

மறுநாள் மதியம் தட்டுகளை எடுத்து வைத்ததும், முதலில் தன் தட்டில் சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். பிறந்த வீட்டிலும் சரி, இங்கேயும் சரி, மற்றவர்களுக்கு முன்னால் அவள் சாப்பிட்டதே இல்லை. சோறு தொண்டையில் இறங்கக் கூச்சமாக இருந்தது. தின்று முடித்துவிட்டு, கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ரூபா அவள் முகத்தையே பார்த்தாள். அவளும் தன் கன்னம் சுடுகிறதா என்று உள்ளுக்குள் கவனித்துக்கொண்டிருந்தாள். வேலு, "பசிக்குது சித்தி" என்றான். நேரம் போனது. ஒன்றும் ஆகவில்லை. ரூபா தட்டை முன்னால் நகர்த்தினாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மற்ற வீடுகளில் அம்மாமார் கடைசியில் சாப்பிடுவார்கள், இந்த வீட்டில் அவள்தான் முதலில். சிவப்பிரகாஷ் ஒருநாள் என்ன இது என்று கேட்டான். "இருக்கட்டும்" என்றாள். நாளாக நாளாக ரூபா காத்திருக்கும் நேரம் குறைந்தது. அதை இசக்கிசெல்வி மட்டும் கவனித்தாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர். கரண்டு போனது போனதுதான். அடுத்த நாளும் வரவில்லை. சிவப்பிரகாஷ் யார்டில் மாட்டிக்கொண்டான். பிரிட்ஜுக்குள் முந்தின நாள் கோழிக்குழம்பு இருந்தது. வேலு அதற்குத்தான் அழுதான். இசக்கிசெல்வி கதவைத் திறக்காமலேயே வைத்திருந்தாள். கடைசியில் திறந்தபோது குளிர்மானியின் முள் ஏறி நின்றது. ப்ரீசரில் டப்பாக்களுக்கு வெளியே தண்ணீர். குழம்பை எடுத்தாள். வாசனை நன்றாகத்தான் இருந்தது. அந்த நல்ல வாசனைதான் அவளை நடுங்க வைத்தது.

வேலு ஓடிவந்து பாத்திரத்தைப் பிடித்தான். "சித்தி, நல்லாத்தான் இருக்கு!"

பின்னாலிருந்து ரூபாவின் குரல் வந்தது. "ஏலே, கைய எடு. சித்தி சொல்லட்டும்."

இசக்கிசெல்வி திரும்பிப் பார்த்தாள். ரூபா அவளைப் பார்த்துக் கேட்டாள்: "சித்தி, இத திங்கலாமா?"

"வேண்டாம்ளா" என்றாள். "கொட்டிருவோம். மீனையும் கொட்டிருவோம். அப்பளம் பொரிச்சித் தாரேன்."

ரூபா பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வீரபாகு இப்போதும் மாதம் ஒருதடவை வருகிறார். மீன் தின்பதில்லை. தயிர்சோறும் ஊறுகாயும் போதும் என்பார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் போன பங்குனியில் ஒரு மத்தியானம் சிவப்பிரகாஷ் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன போனுக்கு அவர் கூப்பிட்டார். இசக்கிசெல்விதான் எடுத்தாள்.

"மாப்ள இல்லையா? பரவால்ல, உங்கிட்டதான் கேக்கணும்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "தங்கச்சி, நேத்து கோயில் கொடைத் திருவிழாவுல வெட்டுன கறி. கொழம்பு மிச்சம் கெடக்கு. கரண்டு நேத்தே போயிட்டு, இன்னும் வரல. வீட்டுல சுட வச்சித் திங்கலாம்ங்கா. நாத்தம் ஒண்ணும் இல்ல. என்ன செய்ய?"

இன்னொரு வீட்டின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறோம், தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

"கொட்டிருங்க அண்ணாச்சி" என்றாள். "நாத்தம் இல்லங்கத நம்பாதீய."

"நல்ல கறிளா."

"கொட்டிருங்க."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். துணி மடித்தாள். மனம் நிலைகொள்ளவில்லை. அந்த வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். திரும்பப் போனை எடுத்து அவரையே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, கொட்டியாச்சா?"

"இப்பந்தான் ஒங்க மதினி எடுத்துட்டுப் போறா."

"போன வைக்காதீய. கொட்டுன பெறவு சொல்லுங்க. நான் லைன்லயே நிக்கேன்."